தகேஷி பெரியப்பா

ஊருக்கு ஓர் ‘இங்கிலீஷு தெரிஞ்ச ஆளு’ இருப்பார். தந்தி வந்த காலத்தில் தந்தியைப் படித்துச் சொன்னவர். இப்போது மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படித்துச் சொல்பவர். பாங்கு பாரம், பாஸ்போர்ட் பாரம் எல்லாம் அவர் கைபட்டுத்தான் போகும். ஆனால் அவர் வாய் திறந்து இங்கிலீஷ் பேசி ஊரில் ஒரு குருவிகூடக் கேட்டிருக்காது. கொற்கையில் அந்தப் பதவி எங்கள் பெரியப்பாவுக்கு.

முப்பத்திரண்டு வருஷம் ஆபீசில் கோப்பு எழுதியவர். ‘ஷல்’ வரவேண்டிய இடத்தில் ‘வில்’ போட்டவனை ஏழு ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டார். மேலதிகாரி வந்து “குட்மார்னிங்” என்றால் மட்டும் தலையைக் குனிந்து ஒரு கோப்பை நீட்டுவார். பதில் எழுத்துமூலம் அதற்குள் இருக்கும்.

தாமிரபரணிக் கரையில் இங்கிலீஷுக்குப் பஞ்சம் ஒன்றும் இல்லை. பாளையங்கோட்டைக்குத் ‘தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு’ என்றே பெயர். பெரியப்பாவும் அங்கே படித்தவர்தான். அங்கேதான் அவருக்கு இலக்கணம் வந்தது; வந்த கையோடு பேச்சு போயிற்று. “தப்பில்லாம பேசணும்லா?” என்பார். தப்பில்லாமல் பேச அவர் கண்டுபிடித்த வழி, பேசாமல் இருப்பது.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த கேளிக்கை ஜப்பான் டிவி. அதிலும் ‘தகேஷிஸ் காஸில்’. 1986 முதல் 1990 வரை ஜப்பானில் டி.பி.எஸ். சேனலில் வந்த நிகழ்ச்சி. நூறு பேருக்குக் குறையாமல் ஒரு கூட்டம் கோட்டையைப் பிடிக்கக் கிளம்பும். வழியெல்லாம் சேறு, சுழலும் உருளை, மேலிருந்து உருண்டு வரும் பாறை. வரிசையாகக் கதவுகள்: சிலது காகிதம், சிலது பலகை. எது எது என்று மூக்கால் முட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கோட்டைக்குள் ராஜாவாக உட்கார்ந்திருந்த தகேஷி கிட்டானோ பிற்பாடு பெரிய இயக்குநராகி, 1997-ல் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் வாங்கினார். பெரியப்பாவுக்குச் சிங்கத்தைப் பற்றி அக்கறை இல்லை. சேறுதான் முக்கியம்.

நம் ஊருக்கு அது போகோ சேனல் வழியாக வந்தது, ஜாவேத் ஜாஃப்ரியின் இந்தி வர்ணனையோடு. ஜப்பான்காரன் விழுவான், அவர் இந்தியில் ஏதோ சொல்வார், கொற்கையில் பெரியப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். மும்மொழித் திட்டம் தமிழ்நாட்டில் பூரணமாக அமலான ஒரே இடம் எங்கள் பெரியப்பா வீட்டுப் பட்டாசல்தான். இப்போது பேரன் யூடியூபில் பழைய பாகங்களைத் தேடிப் போட்டுக் கொடுக்கிறான். ஊர்ப் பையன்கள் ‘தகேஷி தாத்தா’ என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

அவருக்கு உயிர், குளத்தில் கல் தாண்டும் கட்டம். தண்ணீருக்கு மேலே கற்கள் தெரியும். சில கல் நிற்கும். சில கல் மிதக்கும். பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். ஓடி வருகிறவன் நம்பிக் கால் வைப்பான். தொபுக்கடீர்!

“இவன் பிரசன்ட் டென்ஸுல கால வச்சிட்டுப் பாஸ்டுக்குத் தாவுதான்லே. விழாம என்ன செய்வான்?” என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

அந்த வாக்கியத்தில்தான் எனக்கு அவர் பிடிபட்டார். அது குளமில்லை, இங்கிலீஷ். எந்தக் கல் நிற்கும், எந்தக் கல் அமிழும் என்று ஆராய்ந்து ஆராய்ந்தே அறுபது வருஷமாகக் கரையில் நிற்கிறார். விழுகிறவனைக் கண்டால் சிரிப்பு வராமல் இருக்குமா?

பேரன்தான் ஒருநாள் செய்தி கொண்டுவந்தான்: ஜப்பான்காரர்களுக்கும் இங்கிலீஷ் பேசக் கூச்சமாம். பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷத்துக்குக் குறையாமல் படிக்கிறார்கள். பேசப் பழக்குவதற்கென்றே 1987-லிருந்து ‘ஜெட்’ திட்டத்தில் வெளிநாட்டு இளைஞர்களை அரசாங்கம் வரவழைக்கிறது. 2020 முதல் ஐந்தாம் வகுப்பிலேயே இங்கிலீஷ் பாடமாகிவிட்டது. அப்படியிருந்தும் தெருவில் ஒரு வெள்ளைக்காரர் வழி கேட்டால் பலருக்கும் வருவது ஒரு சிரிப்பும் ஒரு குனிவும்தான்.

“நம்ம ஆளுவலே!” என்றார் பெரியப்பா, காணாமல் போன தம்பியைக் கண்டதுபோல.

கூச்சத்தைப் போக்க அவர்கள் டிவியில் செய்த வைத்தியத்தையும் பேரன் காட்டினான். 1992-ல் ஃபுஜி டிவியில் வந்த ‘ஸுயிக்கின் இங்கிலிஷ்’. மூன்று பெண்கள் உடற்பயிற்சி உடுப்பில் கையையும் காலையும் வீசிக்கொண்டே ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். என்ன வாக்கியம்? என்னை இரண்டு பேர் கொள்ளையடித்துவிட்டார்கள். எனக்கு வயிற்றுப்போக்கு படுமோசம். குனிந்து நிமிர்ந்து, முகத்தில் சிரிப்பு மாறாமல்.

பெரியப்பா அன்று சிரிக்கவில்லை. எழுந்து, கதவைச் சாத்திவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கையை மட்டும் இரண்டு தடவை வீசிப் பார்த்தார். வாக்கியம் வரவில்லை. தோள்பட்டை பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

“வயித்துப்போக்கு வந்தவன் ஏம்ப்பா இப்படிக் குதிக்கான்?” என்றாள் பெரியம்மை, தைலம் தேய்த்துக்கொண்டே.

பெரியப்பாவுக்கு ஜப்பான் பாசம் முற்றியது அதற்குப் பிறகுதான். ஆராய்ச்சியே ஆரம்பித்துவிட்டார். நாம் ‘பஸ்ஸு’ என்கிறோம். அவன் ‘பஸு’ என்கிறான். நாம் ‘பெல்ட்டு’, அவன் ‘பெருதோ’. நாம் ‘ஐஸ்கிரீமு’, அவன் ‘அய்சு குரீமு’. மெய்யெழுத்தில் ஒரு சொல்லை அந்தரத்தில் விட்டுவிட இரண்டு பேருக்கும் மனசு வராது. உகரமோ ஒகரமோ கொடுத்து உட்கார வைத்துத்தான் அனுப்புவோம். வந்த விருந்தாளியை நிற்கவைத்தே அனுப்புகிற வழக்கம் இரண்டு ஊரிலும் இல்லை.

சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர், தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று வருஷக்கணக்காக எழுதினார்; சொற்களை ஒப்பிட்டார், பொங்கலை அவர்கள் ஊர்த் தைமாதச் சடங்கோடு ஒப்பிட்டார். மொழியியல்காரர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. பெரியப்பா ஒரே நிமிஷத்தில் ஏற்றுக்கொண்டார். அவரிடம் ஓனோவிடம் இல்லாத ஆதாரம் ஒன்று இருந்தது: “ஒரே வம்சம்லே. அதாம் ரெண்டு பேருக்கும் இங்கிலீஷு வரல.”

பாசம் எவ்வளவு இருந்தாலும் கொற்கைக்காரருக்கு ஜப்பான்மீது ஒரு பழைய வழக்கு உண்டு. இது பாண்டியன் துறைமுகம். முத்து இங்கிருந்துதான் உலகத்துக்குப் போயிற்று. பிறகு கடல் ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. மிச்சமிருந்த முத்துப் பெருமைக்கு 1893-ல் மிகிமோத்தோ என்கிற ஜப்பான்காரர் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டிக் கணக்கு முடித்தார். 1973-ல் தூத்துக்குடியில் நம் விஞ்ஞானிகளும் வளர்த்துக் காட்டினார்கள். அதற்குள் எண்பது வருஷம் ஓடிவிட்டது. “ஆனாலும் விட்டமா?” என்பார் பெரியப்பா. “1998-ல நாம ஒரே ஒரு முத்த அனுப்புனோம். ஜப்பானே ஆடிப்போச்சு.” அது ரஜினிகாந்த் நடித்த ‘முத்து’.

குழந்தைகளைத் தனியே கடைக்கு அனுப்பி ஒளிந்திருந்து படம்பிடிக்கும் ஜப்பான் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1991-லிருந்து நிப்பான் டிவியில் வருகிறது. 2022-ல் நெட்ஃபிளிக்ஸ் வழியாக உலகமே பார்த்தது. மூன்று வயசுப் பிள்ளை கையில் பையோடு நடக்கும். பாதி வழியில் என்ன வாங்க வந்தோம் என்பதே மறந்துபோய் அழும். கடைக்காரர் கேட்டுக் கேட்டு எடுத்துக் கொடுப்பார்.

பெரியம்மைக்கு இதில் ஒரு புதுமையும் தெரியவில்லை. “இதுக்கா ஒரு படம்? எம் மூத்தவன் மூணு வயசுல கருப்பட்டி வாங்கப் போயி, மிச்சக் காசுக்கு மிட்டாயியும் தின்னுட்டு வருவான். கேமராக்காரன்தான் வரல.” பிறகு பெரியப்பா பக்கம் திரும்பாமலே சொன்னாள்: “பேரு மறந்துட்டா என்ன? சொல்லத் தெரியாம நின்னா கடக்காரன் அடிக்கவா செய்வான்?”

பெரியப்பா சேனலை மாற்றினார்.

நானும் என் பங்குக்கு முயன்றிருக்கிறேன். “பெரியப்பா, ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னால ஒரு கிரேக்க வியாபாரி ‘பெரிப்ளூஸ்’னு ஒரு பயணக் குறிப்பு எழுதுனான். அதுல நம்ம ஊரு பேர ‘கொல்கோய்’னு போட்டுருக்கான். தப்புத்தான். உச்சரிப்பு சரியா வந்தப்புறம் எழுதுவோம்னு அவன் இருந்திருந்தா நம்ம ஊரு புஸ்தகத்திலயே ஏறியிருக்காது. பிறகு வந்த வெள்ளைக்காரன் திருநெல்வேலிய ‘டின்னெவெல்லி’ன்னான், தூத்துக்குடிய ‘டூட்டிகோரின்’னான். அவனுக்கு ஒரு நாளாவது கூச்சம் வந்துச்சா?”

“அவன் வகுப்புல ஒருத்தனும் சிரிக்கலலே,” என்றார் பெரியப்பா.

அன்றுதான் அந்தக் கதை வெளியே வந்தது. எட்டாம் வகுப்பு. பாடத்தை எழுந்து நின்று படிக்கிறார். ‘ஐலண்ட்’ என்ற சொல்லை, எழுத்துக் கூட்டி, கண்ணுக்குத் தெரிந்தபடியே ‘இஸ்லாண்டு’ என்று வாசித்துவிட்டார். வாத்தியார் முதலில் சிரித்தார். பிறகு வகுப்பு சிரித்தது. பக்கத்து வகுப்பும் காரணம் தெரியாமல் சிரித்தது. மிதக்கிற கல்லில் பெரியப்பா வைத்த முதல் காலும் கடைசிக் காலும் அதுதான். அந்தச் சொல்லில் ‘எஸ்’ஸை எழுதிவிட்டு வாசிக்காமல் விட்டவன் எவனோ, அவன் இன்றுவரை ஒரு மன்னிப்பும் கேட்கவில்லை.

போன தை மாசம் ஜப்பானிலிருந்து ஒரு புருஷனும் பெண்டாட்டியும் கொற்கைக்கு வந்தார்கள். பழைய வன்னிமரத்தைப் பார்க்க வேண்டும், குளத்துப் பக்கம் இருக்கும் வெற்றிவேல் அம்மன் கோயிலைப் பார்க்க வேண்டும். கூட்டி வந்த கார் டிரைவர் டீக்கடையில் கேட்டார்: “இங்கன இங்கிலீஷு தெரிஞ்சவுக யாரும் இருக்காவளா?”

ஊரே ஒரே திசையில் கை நீட்டியது.

பெரியப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பையில் பேனா. அந்த மனுஷர் கையிலும் ஒரு குட்டி நோட்டுப் புத்தகம். இரண்டு பேரும் ஆயுதத்தோடுதான் வந்திருந்தார்கள். அவர் இடுப்பை வளைத்துக் குனிந்தார். இவர் கும்பிட்டார். இவர் கும்பிட்டதற்கு அவர் இன்னும் கொஞ்சம் குனிந்தார். இவர் கும்பிட்ட கையை இறக்குவது மரியாதையா என்று தெரியாமல் அப்படியே நின்றார். டிரைவர் இரண்டாவது டீயும் குடித்து முடித்தார்.

“கொருகை?” என்றார் ஜப்பான்காரர், நோட்டைப் பார்த்து.

“எஸ்,” என்றார் பெரியப்பா. ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வரலாற்றுச் சம்பவம்.

வன்னிமரம் பார்த்தாயிற்று. குளத்தங்கரையில் நடக்கிறார்கள். மழைக்காலம் முடிந்து குளம் நிரம்பிக் கிடந்தது, படித்துறையில் பாசி. மூன்றாவது படி வழுக்கும் என்பது ஊரில் பிறந்த ஒவ்வொருவர் முழங்காலுக்கும் தெரியும். பெரியப்பாவுக்கு முகம் வேர்த்தது. சொல்ல வேண்டும். ‘வழுக்கும் சார்’ என்று சொல்ல வேண்டும். இனிமேல் நடக்கப்போவது, எனவே ‘வில்’. ஆனால் படியின் இயல்பே அது, எனவே ‘இஸ்’. வழுக்கினாலும் வழுக்கலாம் என்றால் ‘மே’. ‘இஸ்’ஸா ‘வில்’லா என்று அவர் முடிவு பண்ணுவதற்குள் அது ‘வாஸ்’ ஆகிவிட்டது.

தொபுக்கடீர்.

ஒரு நிமிஷம் குளத்தங்கரையே மூச்சு விடவில்லை. இடுப்பளவு தண்ணீரில் எழுந்து நின்ற அந்த மனுஷர், தலையில் ஒரு பாசிக் கொத்தோடு, விழுந்த படியைப் பார்த்துக் குனிந்து “சாரி” என்றார். பெரியப்பாவும் “சாரி” என்றார். அவர் மறுபடியும் “சாரி”. இவரும் “சாரி”. கரையில் நின்ற அந்த அம்மாள்தான் முதலில் சிரித்தாள். பிறகு தண்ணீரில் நின்றவர் சிரித்தார், சேறும் சகதியுமாக, பெரியப்பா டிவியில் ஆயிரம் தடவை பார்த்த அதே சிரிப்பு. கை கொடுத்துத் தூக்கப்போன பெரியப்பா அதே மூன்றாவது படியில் கால் வைத்தார்.

இந்தத் தடவை ஊரே சிரித்தது. பெரியப்பாவும் சேர்ந்து சிரித்தார். தண்ணீருக்குள் நின்றபடி, படியைக் காட்டி, ஷல்லும் இல்லாமல் வில்லும் இல்லாமல் சொன்னார்: “சார், ஸ்லிப்பு.”

“சுரிப்பு!” என்று அவரும் ஆமோதித்தார்.

அன்று ராத்திரி பெரியப்பா தலையைத் துவட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தார். அதே குளம், அதே கற்கள். மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன் ஓடி வந்தான். பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, வீடு அதிரக் கத்தினார்: “கேர்ஃபுல் சார்!”

பேரன் திரும்பிப் பார்த்தான். “தாத்தா, அவன் விழுந்து முப்பத்தஞ்சு வருசமாச்சு.”

“இருக்கட்டும்லே,” என்றார் பெரியப்பா. “சொல்லிப் பழகுதேன்.”