ஒரு புள்ளி வைக்க எத்தனை மெனு!

1844-இல் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குப் புள்ளியும் கோடுமாகத் தந்திச் சேதி அனுப்பிய சாமுவேல் மோர்ஸிடம் மெனு எதுவும் இல்லை. கீயை அழுத்தினார், சேதி போய்விட்டது. பொழுதுபோக்காக மோர்ஸ் தட்டும் இன்றைய ஹாம் ரேடியோக்காரருக்கு அந்தக் கொடுப்பினை ஏது? செருகியிருப்பது சாதாரணக் கீயா, ஒரு பக்கம் புள்ளியும் மறுபக்கம் கோடும் போடும் பேடிலா என்று முதலில் ரேடியோவிடம் வாக்குமூலம் தர வேண்டும். பேடில் என்று சொல்லிவிட்டு மோனோ பிளக்கைச் செருகினீர்களோ, தொலைந்தது. ஸ்டீரியோ பிளக்கில் நடுவளையம் தொட வேண்டிய இடம் எர்த்தோடு ஒட்டிக்கொள்ளும். விரலே படாமல் டா-டா-டா என்று கோடாகக் கொட்டும்.

அடுத்து, பேடில் எந்த முறையில் வேலை செய்ய வேண்டும், ஐயாம்பிக் ஏ-யா, பி-யா? பேடிலின் இரண்டு பக்கமும் சேர்த்து அழுத்தி விரலை எடுத்த பிறகும் கேட்காமலே கொசுறு ஒன்று போடுவது பி. இதில் எது உசத்தி என்ற சண்டை தனி.

உச்சம், பிரேக்-இன்: கீயை அழுத்தியதும் ரேடியோவைத் தானாகவே அனுப்ப வைக்கும் வசதி. அதை அணைத்து வைத்தால் பல ரேடியோக்களில் நம் காதுக்கு மட்டுமான ஸைட்டோன் ஒலி கணீரென்று கேட்கும். ஆன்டெனாவுக்கு ஒரு வாட்கூடப் போகாது. அரைமணி நேரம் உலகத்தையே கூப்பிட்டுவிட்டு, "பேண்ட் செத்துக் கிடக்குப்பா" என்று சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சியைத் திட்டிக்கொண்டே, ஆன்டெனாவை நோண்ட மொட்டைமாடி ஏறும் சீனியர்கள் உண்டு.