நிமிடக்காரர்

அவரிடம் தூரம் கேட்டால் கிலோமீட்டர் வராது, நிமிடம்தான் வரும். "நம்ம பாரிட் புந்தார்லேர்ந்து பினாங்கு ஏர்போர்ட்டா? நாப்பத்தஞ்சு நிமிஷம் தம்பி, ஸ்மூத்!" அந்த 'ஸ்மூத்'துக்குள் பாலத்து டோல் வரிசை, பத்து காவானில் ஷிப்டு முடிந்து வெளியே பாயும் மோட்டார் சைக்கிள் பட்டாளம், பாயான் லெப்பாஸின் சிவப்பு விளக்குகள் எல்லாம் அடக்கம். அதாவது, அடக்கி வைத்திருக்கிறார்.

வடக்கே ஏதோ ஒரு மன்றத்தில் உறுப்பினர். எந்த மன்றம் என்று கேட்காதீர்கள். பேராக், கெடா, பினாங்கு மூன்றும் ஒரே ஆற்றங்கரையில் முட்டிக்கொள்ளும் ஊர் எங்களுடையது. மன்றங்களுக்கும் பஞ்சமில்லை, இவரைப் போன்றவர்களுக்கும் பஞ்சமில்லை. 1965-இல் இந்த நாட்டில் உள்ளாட்சித் தேர்தலை நிறுத்தி வைத்தார்கள். 1976-இல் வந்த சட்டம் அதை ஒரேயடியாக மூட்டை கட்டிவிட்டது. அன்று முதல் மாநில அரசு பார்த்து யாரை நியமிக்கிறதோ அவர்தான் உறுப்பினர். வாக்குக் கேட்டு வீடு வீடாகப் போகிற வேலை இல்லாததால் நம்மவர் முதலீடு கேட்டு நாடு நாடாகப் போகிறார்.

அவருடைய நிமிடங்களுக்கு ஒரு குணம் உண்டு. கேட்பவரின் அந்தஸ்து ஏற ஏற அவை இறங்கும். கோப்பிக்கடையில் என்னைப் போன்றவன் கேட்டால் 45. ஈப்போவிலிருந்து வந்த அதிகாரி கேட்டால் 40. கேட்பவர் டத்தோ என்றால் 35. ஒரு தடவை தைவான்காரர் ஒருவர் இரண்டு கையாலும் பிடித்துத் தன் பெயர் அட்டையை நீட்டிவிட்டார். சட்டென்று 25-க்கு வந்துவிட்டது. அந்த மனிதர் இன்னும் கொஞ்சம் குனிந்திருந்தால் விமான நிலையமே கிரியான் ஆற்றைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து இறங்கியிருக்கும்.

மாமாக் கடையில் அவர் எதிரே உட்காரும் துர்ப்பாக்கியம் உங்களுக்கும் வாய்த்திருக்கும். தே தாரிக் கிளாசைத் தூக்கினால் மேசையில் ஈர வட்டம் ஒன்று பதிந்திருக்கும். மற்றவர்களுக்கு அது தேநீர்க் கறை. அவருக்கு உலக வரைபடம். நடுவில் ஆள்காட்டி விரலை ஊன்றுவார்: "இது நாம." பிறகு விளிம்பில் ஒவ்வோர் இடமாகத் தட்டுவார். பத்து காவான் பதினஞ்சு நிமிஷம். கூலிம் அரை மணி. தைப்பிங் அதே அரை மணி, 'ஆனா அந்தப் பக்கம்'. விரலை மறுபடி நனைத்து இன்னும் பெரிய வட்டம் ஒன்று போடுவார். "நாலு மணி நேரம் ஃபிளைட்ல உட்காரு தம்பி, பாதி ஆசியா வந்துரும்!" அதற்குள் கடைப் பையன் துணியோடு வந்து ஆசியாவைத் துடைத்துக்கொண்டு போவான். நம்மவர் கவலைப்பட மாட்டார். அடுத்த கிளாசுக்குச் சொல்லிவிடுவார்.

கோயில் கும்பாபிஷேகத்தில் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். "அம்பாளோட அருளால நம்ம கோயில் ஹைவே எக்ஸிட்லேர்ந்து ஏழே நிமிஷத்துல இருக்கு" என்று ஆரம்பித்தார். அம்பாளே ஒரு நிமிடம் யோசித்திருப்பாள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை வாழ்த்தும்போது அவர் வேலை பார்க்கும் தொழிற்சாலைக்கும் பெண் வீட்டுக்கும் உள்ள நிமிடத்தைச் சொல்லி வாழ்த்தினார். ஒரு துக்க வீட்டில், பெட்டியை இன்னும் தூக்கக்கூட இல்லை, என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்: "மனுஷன் நல்ல லொக்கேஷன்லதான்யா வீடு வாங்கிப் போட்டிருக்காரு."

இத்தனை நிமிடம் கணக்குப் பார்க்கிறவர் எந்தக் கூட்டத்துக்கும் நேரத்துக்கு வந்ததில்லை. "வந்துக்கிட்டே இருக்கேன், அஞ்சு நிமிஷம்" என்பார். பின்னணியில் குளியலறைத் தண்ணீர் சத்தம் கேட்கும். அவர் வீட்டம்மாவிடம் ஒருநாள் போனில், "அண்ணன் எப்ப வருவாருக்கா?" என்றேன். "பத்து நிமிஷம்னு சொன்னாரு. அவரு நிமிஷமா, கடிகார நிமிஷமான்னு நான் கேட்கல" என்றார். இந்த ஊரில் அவரைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அந்த அம்மா ஒருவர்தான்.

வெளிநாட்டுப் பயணங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. போவார்கள், பத்திக் சட்டையோடு வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், புரிந்துணர்வு ஒப்பந்தம் என்று ஒன்றில் கையெழுத்தாகும், வருவார்கள். புரிந்துணர்வு அதோடு முடிந்துவிடும். ஈப்போ மாநகருக்கும் ஜப்பானின் ஃபுக்குவோக்காவுக்கும் 1989 முதல் சகோதர நகர உறவு இருக்கிறது. அதைக் கேள்விப்பட்டதிலிருந்து நமக்கும் ஒரு சகோதரி வேண்டும் என்று ஏக்கம் பிடித்துக்கொண்டது அவருக்கு. எந்த ஊரைப் பார்த்தாலும் சம்பந்தம் பேசுகிற கண்ணோடுதான் பார்க்கிறார். தஞ்சோங் மாலிமுக்கு புரோட்டோன் வழியாக சீனத்து ஜீலி வந்து சேர்ந்ததைப் பற்றி மட்டும் அவர் முன்னால் பேசக்கூடாது. பேராக்கின் அந்தக் கோடியில் இருக்கிற ஊர் அது. கோலாலம்பூருக்கு எத்தனை நிமிடம் என்று நினைக்கும்போதே அவருக்கு முகம் வாடிவிடும்.

அவர் கையோடு கொண்டுபோகும் கையேட்டைப் பார்த்திருக்கிறேன். முதல் பக்கம் வானத்திலிருந்து எடுத்த நெல்வயல். இரண்டாம் பக்கம் மஞ்சள் தொப்பி போட்டுச் சிரிக்கும் ஒரு பெண். இந்த நாட்டுப் பெண்ணாகத் தெரியவில்லை. மூன்றாம் பக்கம் கோல குலா சதுப்புநிலத்து நாரை. உண்மையைச் சொன்னால், சைபீரியாவிலிருந்து ஆண்டு தவறாமல் கோல குலாவுக்கு வந்து இறங்கும் கரைப்பறவைகள்தான் எங்கள் பகுதியின் நிரந்தர வெளிநாட்டு விருந்தாளிகள். அவற்றைக் கூப்பிட யாரும் போனதில்லை. நிமிடமும் சொன்னதில்லை. நான்காம் பக்கத்திலிருந்து கடைசி வரை வட்டங்கள்.

"இண்டெல் கதை தெரியுமா தம்பி?" என்று அடுத்து ஆரம்பிப்பார். தெரியும் என்று சொன்னாலும் சொல்வார். தெரியாதவர்களுக்காக நான் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 1969-இல் பினாங்கு முதலமைச்சரான லிம் சோங் இயூ, வேலையில்லாத் திண்டாட்டத்தில் தவித்த தீவுக்குத் தொழிற்சாலை தேடித் தானே வெளிநாடு வெளிநாடாக அலைந்தார். 1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக மண்டலம் வந்தது. நெல் விளைந்த நிலத்தில் இண்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியது. இதிலிருந்து நம்மவர் கண்டுகொண்ட பாடம் ஒன்றே ஒன்று. "அன்னைக்கு பாயான் லெப்பாஸும் வயல்தான். நம்மகிட்டயும் வயல் இருக்கு!" வயல் இருக்கிற இடமெல்லாம் இண்டெல் வருமென்றால் தஞ்சாவூர் இந்நேரம் கலிபோர்னியா ஆகியிருக்கும்.

2023-இல் கிரியானுக்கு ஒருங்கிணைந்த பசுமைத் தொழிற்பேட்டை என்று மேலிடத்திலிருந்தே அறிவிப்பு வந்ததும் மனிதரைக் கையில் பிடிக்க முடியவில்லை. "நான் அன்னைக்கே சொன்னேன்ல?" என்று கேட்காத ஆளில்லை. அறிவிப்பைப் படித்தீர்களா என்று கேட்டேன். "வரைபடம் பார்த்தேன்" என்றார்.

சிரித்துக்கொண்டே போகலாம். ஆனால் எனக்கு ஆத்திரம் வருகிற இடம் ஒன்று இருக்கிறது.

அவருடைய நிமிடங்கள் எல்லாம் இந்த ஊரிலிருந்து வெளியே போகிற நிமிடங்கள். இங்கே என்ன இருக்கிறது என்று அந்தக் கையேட்டில் எந்தப் பக்கமும் சொல்லவில்லை. எல்லாப் பக்கமும் பக்கத்து வீட்டுப் பெருமை. பக்கத்து வீட்டுக்கோ எங்களிடம் கேட்க நிறைய இருக்கிறது. பேராக் ஆற்றுத் தண்ணீர் வேண்டும் என்று பினாங்கு பல ஆண்டாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. கச்சாத் தண்ணீர் கிடையாது, வேண்டுமானால் சுத்திகரித்த தண்ணீரை விலைக்கு வாங்கிக்கொள் என்று பேராக் முறுக்கிக்கொண்டு நிற்கிறது. தண்ணீர் வைத்திருப்பவர் நாங்கள், நிலம் வைத்திருப்பவர் நாங்கள். எங்கள் தூதரோ வெளிநாட்டுக்குப் போய், "எங்ககிட்டேர்ந்து அவங்க ரொம்பக் கிட்ட" என்கிறார்.

பொழுது விடிவதற்குள் தாமான் முனையில் தொழிற்சாலை பஸ்கள் வந்து நிற்கும். தூக்கம் கலையாத பிள்ளைகள் கழுத்தில் அடையாள அட்டையோடு ஏறி ஆற்றைத் தாண்டிப் போகும். ராத்திரி திரும்பி வரும். கையேட்டில் இது 'தயார் நிலைத் தொழிலாளர் வளம், 30 நிமிடத்தில்'. அதைப் படித்தபோது எனக்கு என் பாட்டன்மார் ஞாபகம் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கிரியான் வட்டாரத்தில் வெள்ளைக்காரர்கள் கரும்புத் தோட்டம் போட்டார்கள். அதை வெட்ட நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பலில் ஆள் கொண்டுவந்தார்கள். கரும்பு போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய் செம்பனை வந்தது. முதலீடு எங்களுக்குப் புதிதல்ல ஐயா. அந்த முதலீட்டோடு சரக்காக வந்து இறங்கியவர்கள் நாங்கள். லண்டனில் பங்கு விற்ற கம்பெனிக்காரனும் எங்களைப் பற்றி ஏறக்குறைய இப்படித்தான் எழுதியிருப்பான்.

கடைவரிசைக்குப் பின்னால் ஒரு சாக்கடை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. ஒரு மணி நேரம் மழை பிடித்தால் தண்ணீர் படியேறி உள்ளே வரும். உலகத்தையே நிமிடத்தில் அளக்கிறவராயிற்றே, இதற்கு எத்தனை நிமிடம் ஆகும் என்று அவரிடமே கேட்டேன். "அது வேற டிபார்ட்மெண்ட் தம்பி, டைம் எடுக்கும்" என்றார். அந்த ஒன்றுக்கு மட்டும் அவரிடம் கணக்கு இல்லை.

இவ்வளவு திட்டியும் அவர் மேல் முழுக் கோபம் வரமாட்டேன் என்கிறது. அவர் அப்பா பால்மரம் வெட்டியவர். தோட்டத்தை விற்றபோது இவர் பையன். லயங்களை இடித்ததையும், கோயிலை மாற்றியதையும், கூடப் பந்து விளையாடியவர்கள் ஒவ்வொருவராகப் பிறைக்கும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் மூட்டை கட்டியதையும் பார்த்தவர். ஓர் இடம் காலியாவதைக் கிட்ட இருந்து பார்த்தவருக்கு, யாராவது வந்தால் போதும், எவன் வந்தாலும் சரி என்று ஆகிவிடுகிறது. விடுமுறை நாளில்கூட ரயில் நிலையத்தில் நிற்பார். ஈப்போ பக்கமிருந்து மின்ரயில் வந்து நின்றதும் யார் இறங்குகிறார்கள் என்று பார்ப்பார். பெரும்பாலும் பக்கத்துத் தாமான் ஆட்கள்தான். "பசியாறினீங்களா?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்புவார்.

போன வருடம் ஜப்பானியக் குழு ஒன்று வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து மாலைக்குள் போய்விடுகிற ரகம். வயல் பக்கம் அழைத்துப் போனார், நானும் கூடப் போனேன். கையேட்டை விரித்து வட்டம் வட்டமாக விளக்கிக்கொண்டிருந்தார். அவர்கள் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு முதியவர் மட்டும் கையேட்டைப் பார்க்கவில்லை. வாய்க்கால் மதகைக் காட்டி, இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டார்.

நம்மவர் திணறிப் போனார். அப்புறம் சொல்ல ஆரம்பித்தார். புக்கிட் மேரா ஏரியிலிருந்து வருகிறது, 1906-இல் முடித்த பாசனத் திட்டம், மலாயாவிலேயே முதல் பெரிய பாசனம், 20,000 ஹெக்டருக்கு மேல் பாய்கிறது என்றார். ஏரி நடுவே ரயில் போவதைச் சொன்னார். எந்த மாதம் மதகு திறப்பார்கள், வறட்சியில் ஏரி எப்படிச் சுருங்கும், சின்ன வயதில் தோட்டத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்து இதே வாய்க்காலில் விறால் பிடித்தது, அட்டை கடித்து அம்மாவிடம் அடி வாங்கியது எல்லாம் வந்தது. ஜப்பானியர்கள் நோட்டுப் புத்தகத்தை எடுத்தார்கள். முதியவர் குனிந்து மதகுக் கட்டையைத் தட்டிப் பார்த்தார். கேள்விக்கு மேல் கேள்வி. அரை மணி நேரம் போனது யாருக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. அண்ணே, இதைத்தான் கையேட்டில் போட வேண்டும் என்று சொல்ல நான் வாயெடுத்தேன்.

அதற்குள் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். "ஓகே ஓகே! லஞ்ச்! நிபோங் திபால், எட்டு நிமிஷம்!" என்று கைதட்டினார்.

பாலத்தில் லோரி ஒன்று நின்றுவிட்டது, இருபத்தைந்து ஆயிற்று. பெரிய ஊடான் காலா, நண்டு, மீன் என்று பிரமாதமான சாப்பாடு. நிபோங் திபால் ஆற்றுக்கு அந்தப் பக்கம், அதாவது பினாங்கு. சாப்பிட்ட காசும் பினாங்குக்கே போயிற்று.