ஊருக்கே ஒரு மருந்துச் சீட்டு

கேள்வி: டாக்டருக்குப் படித்தவர் அரசியலுக்குப் போனால் படிப்பு வீண்தானே?
– வாசகர், ஜமுனாமரத்தூர், ஜவ்வாது மலை

பதில்: இல்லவே இல்லை. டாக்டர் எழுதும் மருந்துச் சீட்டு ஒருவருக்கு. நல்ல சட்டம் ஊருக்கே எழுதும் மருந்துச் சீட்டு.

புதுக்கோட்டை முத்துலட்சுமி ரெட்டியைப் பாருங்கள். 1912-ல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1927-ல் சென்னை சட்டசபைத் துணைத் தலைவராக இருந்தபடி தேவதாசி முறையை ஒழிக்கக் குரல் கொடுத்தார்; அவரைப் பெற்ற தாயே அந்தக் குலத்தவர். முழுத் தடைச் சட்டம் வந்தது 1947-ல். இருபது வருட வைத்தியம்! இடையே, காந்தி கைதானதும் 1930-ல் பதவியை உதறினார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம்தான், 1954-ல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது.

உங்கள் மலைக்கே வருகிறேன். பிரசவ வலி கண்ட பெண்ணை டோலி கட்டி, தோள் மாற்றித் தோள் சுமந்து இறங்கும் பாதை உங்களுக்குத் தெரியும். அடிவாரத்து டாக்டர் தாயையும் பிள்ளையையும் காப்பாற்றுவார். அந்தப் பாதை தார்ச்சாலையாக வேண்டுமென்றால் சட்டசபையில்தான் நாடி பிடிக்க வேண்டும். அப்படி நாடி பிடிக்கத் தெரிந்த டாக்டர் ஓட்டுக் கேட்டு வந்தால், திண்ணையில் உட்கார வைத்துப் பேசுங்கள்!