கொள்ளைநோயும் கொள்ளை லாபமும்

1349-ஆம் ஆண்டு. இங்கிலாந்திலிருந்து வந்த கப்பல் ஒன்று பெர்கன் துறைமுகத்தில் சரக்கையும் சாவையும் சேர்த்து இறக்கியது. சாவு அப்படியே வடக்கே ஏறி நிதாரோஸுக்கு வந்தது. இன்றைய துரொண்ட்ஹெய்முக்கு அன்றைய பெயர் அது. நோர்வேத் திருச்சபைக்கே தலைமையிடம். அந்த வருடமே பேராயர் ஆர்னே வாடே காலமானார். அடுத்த பேராயர் யார் என்று கூடிப் பேசித் தீர்மானிக்க வேண்டிய பேராலயக் குருமாரும் வரிசையாகப் போய்ச் சேர்ந்தார்கள். மிஞ்சியது ஒரே ஒருவர். அந்த ஒருவரே புதிய பேராயரைத் தேர்ந்தெடுத்தார் என்று ஐஸ்லாந்துக்காரர்கள் ஆண்டுக்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

கூட்டத்தைக் கூட்டியவர் அவர். முன்மொழிந்தவர் அவர். வழிமொழிந்தவரும் அவரேதான். எதிர்ப்பு இல்லை, வெளிநடப்பு இல்லை, கள்ள ஓட்டுக்கு வழியே இல்லை. பதினைந்து பேர் உள்ள சங்கத்தில் மூன்று அணி கண்ட பரம்பரை நாம். நமக்கு இந்த ஒற்றுமை கொஞ்சம் பொறாமை தரத்தான் செய்யும். இதில் பெரிய அதிசயம், அவர் தன் பெயரைச் சொல்லவில்லை என்பது. ஊருக்கு எதிரே கடலில் இருக்கும் சின்னத் தீவின் நிதார்ஹோல்ம் மடத்துத் தலைவர் ஊலாவின் பெயரைச் சொன்னார். அந்த வருடத்தில் பேராயர் நாற்காலியின் ஆயுள் எவ்வளவு என்று மனுஷன் கணக்குப் போட்டிருக்கிறார் என்பது என் சந்தேகம்.

புதிய பேராயருக்கு நாற்காலிதான் கிடைத்தது, வருமானம் கிடைக்கவில்லை. திருச்சபை என்றால் அன்று வெறும் மணியோசை இல்லை, நிலம். அந்த நிலத்தில் உழுது குத்தகை அளக்க ஆள் வேண்டும். நாட்டு மக்களில் பாதிப்பேராவது போய்விட்டார்கள். பண்ணை இருக்கிறது, பண்ணையாள் இல்லை. குத்தகை வசூலிக்கப் போன கணக்கப்பிள்ளைக்கு என்ன பதில் கிடைத்திருக்கும்? நம் ஊர்ப் பேச்சில் வைத்துக்கொள்வோம்: "ஐயா, உங்கடை காணி எனக்கு வேண்டாம். பக்கத்திலை ஏழு பண்ணை சும்மா கிடக்குது. காவாசிக் குத்தகை எண்டால் யோசிக்கிறன்." மிகையில்லை. நோர்வேயில் நிலக் குத்தகை கொள்ளைநோய்க்கு முன் இருந்ததில் கால்பங்கு அளவுக்கு விழுந்தது என்றுதான் வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். உயிர் பிழைத்த ஏழைக்கு வாழ்க்கையில் முதல்முறையாகப் பேரம் பேசும் வாய் கிடைத்தது.

அரசாங்கம் என்ன செய்தது? நோர்வேக்கும் ஸ்வீடனுக்கும் சேர்த்து முடிசூடியிருந்த மக்னுஸ் அரசர் ஸ்வீடன் பக்கத்துக் குடிகளுக்கு ஓர் ஓலை அனுப்பினார். வெள்ளிக்கிழமை தண்ணீரும் ரொட்டியும் மட்டும், வெறுங்காலோடு கோயிலுக்குப் போக வேண்டும், அங்கே காணிக்கையும் போட வேண்டும். நோய்க்கு மருந்து இல்லை, கட்டணம் மட்டும் இருந்தது. சனங்கள் தங்கள் பங்குக்கு பெஸ்தா என்று ஒரு கிழவியைக் கற்பனை செய்து கொண்டார்கள். வாசலில் அவள் பல் வைத்த குப்பைவாரியோடு வந்தால் சிலர் இடுக்கில் தப்புவார்கள்; விளக்குமாறோடு வந்தால் வீடு சுத்தம். தொற்றுப் பரவலைச் சாதாரண மனிதனுக்கு இதைவிடச் சுருக்கமாக விளக்கிய அரசு அறிக்கை எதையும் நான் படித்ததில்லை.

671 வருடம் தாண்டுவோம். இடையில் நடந்தவற்றை அருங்காட்சியகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

2020 மார்ச் 12, வியாழக்கிழமை. அன்றைய பிரதமர் ஆர்னா சூல்பர்க் தொலைக்காட்சியில் தோன்றி, கொரோனாவைத் தடுக்க, சமாதான காலத்தில் நோர்வே கண்டிராத கட்டுப்பாடுகளை அறிவித்தார். பள்ளிக்கூடம், பாலர் பாடசாலை, முடிவெட்டும் கடை, உடற்பயிற்சி நிலையம் எல்லாவற்றுக்கும் பூட்டு. சுருக்கமாக, வீட்டில் இருங்கள் என்றார். சனம் உடனே வீட்டைவிட்டு வெளியே ஓடியது, கடைக்கு.

கடை விஷயத்தில் துரொண்ட்ஹெய்மை லேசாக எடைபோடக் கூடாது. நோர்வே முழுக்கக் கிளை பரப்பியிருக்கும் ரேமா 1000 இங்கே பிறந்த பிள்ளை. 1979-இல் ஒட் ரைத்தான் என்பவர் புரொம்ஸ்தா பகுதியில் திறந்த மலிவுக்கடை அது. ஆயிரம் வகைப் பொருள் போதும், அதற்கு மேல் வைத்தால் விலை ஏறும் என்பது அவர் சித்தாந்தம். பெயரிலுள்ள 1000 அப்படி வந்தது. அந்த மார்ச்சில் 999 பொருளும் அடுக்கில் இருந்தன. காணாமல் போனது ரொய்லெற் பேப்பர்.

வந்திருப்பதோ நுரையீரல் வியாதி. இருமலுக்கும் அந்தக் கடதாசிக்கும் என்ன உறவு என்று எந்த வைத்தியரும் சொல்லவில்லை. பக்கத்து மலையெல்லாம் காடு. மரக்கூழை ஏற்றுமதி செய்து வளர்ந்த தேசம். அந்தத் தேசத்தில் படித்த மனிதர்கள் இரண்டு கக்கத்திலும் கட்டுக் கட்டாக இடுக்கிக்கொண்டு, ஒரு மீற்றர் இடைவெளி விட்டு, கண்ணைக் கண் பார்க்காமல் காருக்கு நடந்தார்கள். குளியலறையில் செம்போ பிளாஸ்ரிக் போத்தலோ வைத்துக்கொண்டு பல வருடமாகக் கூச்சப்பட்டு வந்த தமிழ்க் குடும்பங்கள் முதல்முறை நெஞ்சை நிமிர்த்திய மாதம் அது.

நம் பெருமை அரிசி மூட்டை வரைக்கும்தான். "அண்ணை, சம்பா இருக்கோ?" என்று கேட்ட குரலில் இருந்த பதற்றம் ரொய்லெற் பேப்பர்க்காரனிடம் இருந்ததைவிடக் குறைவில்லை. பருப்பு, மிளகாய்த்தூள், கொத்தமல்லி என்று ஒரு யுத்தத்துக்கான சேமிப்பு நடந்தது. யுத்தத்தை உண்மையாகவே கண்டவர்கள் என்பதால் இந்தக் கலையில் நமக்குப் பயிற்சி அதிகம். நோர்வேக்காரர் வீட்டில் அடைபட்டதும் எல்லோரும் ஒரே நேரத்தில் ரொட்டி சுடத் தொடங்கினார்கள். ஈஸ்ட் தட்டுப்பாடு வந்தது. தோசை மாவுக்கு ஈஸ்ட் வேண்டாம். வெளியே பனி கொட்டினாலும் அடுப்பின் உள்விளக்கைப் போட்டு மாவை உள்ளே வைத்தால் காலையில் பொங்கியிருக்கும்.

இந்தக் கூத்துக்கிடையே ஊரின் பெரிய பல்கலைக்கழகமான என்டிஎன்யு உலகப் புகழ் பெற்றது. வெளிநாட்டில் படிக்கும் தன் மாணவர்களை வீடு திரும்பச் சொல்லி முகநூலில் அறிவித்தது; சுகாதார சேவையும் உட்கட்டமைப்பும் பின்தங்கிய நாடுகளில் இருப்பவர்கள் முக்கியமாகத் திரும்ப வேண்டும் என்றது. அப்படிப்பட்ட நாட்டுக்கு உதாரணம் ஒன்றும் கொடுத்தது: அமெரிக்கா. பின்தங்கிய நாடு என்றதும் நம் ஊர்ப் பெயரைத் தேடியே பழகிய கண்கள் அந்த வரியை இரண்டு தடவை படித்தன. உலகம் சிரித்து முடித்ததும் அமெரிக்காவின் பெயரை எடுத்துவிட்டார்கள். அதற்குள் படம்பிடித்தவர்கள் பிடித்துவிட்டார்கள். நியாயமாகச் சொன்னால் அதே பல்கலைக்கழகம் சில வாரத்தில் வேறு காரியமும் செய்தது. தொற்றுப் பரிசோதனைக்கு வேண்டிய இரசாயனம் உலகமெங்கும் தீர்ந்துபோனபோது, சென்ட் ஊலாவ் மருத்துவமனையோடு சேர்ந்து, காந்த நுண்துகள்களால் வைரஸின் மரபுப்பொருளைப் பிரித்தெடுக்கும் சொந்த முறையை உருவாக்கியது. இதற்குக் கிடைத்த கைதட்டல் அந்த முகநூல் வரிக்குக் கிடைத்ததில் பாதிகூட இல்லை.

வேலைக்கு வருவோம். ஹோட்டல் அறை துடைப்பவர், சமையலறையில் பாத்திரம் கழுவுபவர், விமான நிலையத்தில் நிற்பவர் ஆகியோரால் வீட்டிலிருந்து வேலை செய்ய முடியாது. எஸ்ஏஎஸ் விமான நிறுவனம் மட்டும் 10,000 பேர் வரை தற்காலிகமாக நிறுத்துவதாக அறிவித்தது. மார்ச் முடிவில் முழு வேலையிழந்தோர் 10 சதவீதத்தைத் தாண்டினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இப்படி ஒரு கணக்கு இல்லை. சில வாரத்தில் 3 லட்சத்துக்கு மேல் விண்ணப்பம் நாவ் அலுவலகத்தின் தலையில் விழுந்தது. நாவ் என்பது வேலையில்லாப் பணம் முதல் ஓய்வூதியம் வரை பார்க்கும் அரசாங்க நிறுவனம். அதன் வேகத்தைப் பற்றிப் பேச எல்லோருக்கும் ஒரு கதை உண்டு.

ஆனால் பாராளுமன்றம் அசாதாரண வேகம் காட்டியது. தற்காலிகமாக நிறுத்தப்பட்டவருக்கு ஓர் உச்சவரம்புக்குள் 20 நாள் முழுச் சம்பளம், அதில் முதலாளி கொடுக்க வேண்டியது முதல் 2 நாள் மட்டும், மிச்சம் அரசு தரும் என்றது. குறைந்த வருமானத்துக்கு வேலையில்லாப் பணத்தை 80 சதவீதமாக உயர்த்தியது. பணம் வர நாளாகும் என்று தெரிந்ததும் முன்பணமும் கொடுத்தது. வெறுங்காலோடு நடக்கச் சொல்லவில்லை.

கைக்கு வந்த குரோனரின் பெறுமதியில்தான் கதை கெட்டது. எண்ணெய் விலை சரிந்தது, மார்ச் 19 அன்று குரோனரும் வரலாறு காணாத பள்ளத்தில் விழுந்தது. ஜனவரித் தொடக்கத்தில் 9 குரோனருக்குள் இருந்த டொலர், ஒரு கட்டத்தில் 12-ஐ எட்டிப் பார்த்தது. யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் மாதாமாதம் அனுப்பும் தொகை ஒரே வாரத்தில் மெலிந்தது. குரோனர் விழுந்த மறுநாள் இலங்கையில் ஊரடங்கு. "காசு வந்திட்டுதம்மா, எடுக்கப் போறதுக்குத்தான் வழியில்லை" என்ற பதிலைக் கேட்ட வீடுகள் நிறைய.

தேசத்தின் பெரிய உண்டியலான எண்ணெய் நிதியும் முதல் காலாண்டில் 14.6 சதவீதம் இழந்தது. சுமார் 1 லட்சத்து 17 ஆயிரம் கோடி குரோனர். கைக்குழந்தை உட்பட ஆளுக்கு 2 லட்சம் குரோனருக்கு மேல் போயிருக்கிறது. துரொண்ட்ஹெய்மில் ஒருவரும் தலையில் கைவைத்து உட்காரவில்லை. அவர்களுக்கு அதைவிடப் பெரிய துக்கம் இருந்தது: மலைவீட்டுக்குப் போகத் தடை.

ஓப்தால் என்ற மலை ஊரில் மரவீடு வைத்திருப்பவரை அங்கே இரவு தங்கக் கூடாது என்று சொல்வது தீபாவளிக்குப் பலகாரம் கிடையாது என்று சொல்வதற்குச் சமம். மீறினால் 15,000 குரோனர் தண்டம், இல்லையேல் 10 நாள் சிறை. சிறையில் போதிய தனிமை கிடைக்கும் என்பதால் சிலர் யோசித்திருக்கக்கூடும். ஏப்ரல் 20-இல் தடை நீங்கும்வரை இந்தத் தேசத்தில் நோயைவிட அதிகம் பேசப்பட்ட பொருள் இதுதான்.

அடுத்த துக்கம் ஸ்தூர்லியன். நூறு கிலோமீற்றர் சொச்சம் ஓட்டினால் ஸ்வீடன் எல்லை தாண்டியதும் வரும் ஊர். இறைச்சி, இனிப்பு, சோடா எல்லாம் மலிவு. 2019-இல் நோர்வேக்காரர்கள் எல்லைக்கு அப்பால் செலவழித்தது சுமார் 1,600 கோடி குரோனர். ஆட்டுக்கறி முதல் கொக்கோகோலா வரை இந்த யாத்திரையில் தமிழரும் பின்தங்கியதில்லை. 2020 வசந்தத்தில் போய்வந்தால் 14 நாள் தனிமை. மலிவான பன்றி இறைச்சிக்கு இரண்டு வாரச் சம்பளம் விலை என்றதும் எல்லோரும் உள்ளூர்க் கடைக்கே திரும்பினார்கள். ஆயிரம் பொருள் கடையின் கல்லாவுக்கு அது நல்ல வருடம்.

சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்பதும் ஒருநாள் நிரூபணமானது. தன் 60-ஆவது பிறந்தநாளுக்குக் கைலோ என்ற மலை ஊரில் அனுமதிக்கப்பட்ட பத்துப்பேருக்கு மேல் குடும்பத்தைக் கூட்டியதற்காக, 2021 ஏப்ரலில் பிரதமர் சூல்பர்குக்கே பொலிஸ் 20,000 குரோனர் தண்டம் போட்டது. விதியை அறிவித்தவரே விதியை மறந்தார். விருந்தில் சுஷி. தண்டத்தைக் கட்டினார்.

கடைசியாக வட்டி. நோர்வேயின் மத்திய வங்கி 1816-இல் தொடங்கியபோது தலைமையகம் இதே துரொண்ட்ஹெய்மில்தான். 1897-இல்தான் தலைநகருக்குப் போனது. மனமுவந்து முதல் போடுங்கள் என்று கேட்டார்கள், ஆள் வரவில்லை. வெள்ளியாகக் கட்டாய வரி விதித்தார்கள். வீட்டுக் கரண்டியும் குவளையும் உருகிப் போயின. குடிமக்களிடம் பிடுங்கிப் பிறந்த அந்த வங்கி, 2020 மே 7 அன்று வட்டியைப் பூச்சியத்துக்கு இறக்கியது. வங்கியின் வாழ்நாளில் அதுவே முதல்முறை.

சேமித்தவன் விரல் சூப்பினான். கடன் வாங்கத் தகுதி உள்ளவன் வீடு பார்க்கப் போனான். அந்த ஒரு வருடத்தில் நாட்டில் வீட்டு விலை 8 சதவீதத்துக்கு மேல் ஏறியது. 1349-இல் ஆள் அரிதானான், நிலம் மலிந்தது; இந்தத் தடவை ஆட்கள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க, அவர்கள் உட்கார்ந்திருந்த வீடு சம்பாதித்தது. எண்ணெய் நிதியும் வருட முடிவில் 10.9 சதவீத லாபத்தோடு எழுந்து நின்றது. காலாண்டு நட்டத்துக்கு அழாதவர்கள் அதற்குச் சிரிக்கவுமில்லை.

2021 செப்டெம்பர் 23, வியாழக்கிழமை, வங்கி வட்டியைப் பூச்சியத்திலிருந்து 0.25 சதவீதத்துக்கு உயர்த்தியது. வெள்ளிக்கிழமை அரசு கட்டுப்பாடுகளை நீக்குவதாக அறிவித்தது. சனிக்கிழமை மாலை 4 மணிக்கு நாடு திறந்தது. மதுக்கூட வாசல்களில் ஊரே நின்றது. புது வீட்டுக்காரர்கள் மட்டும் அடுத்த தவணையை இன்னொரு தடவை கூட்டிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தாமதமாக வந்தார்கள்.