எல்லாம் பசங்களுக்காக

முதல் நாய் ஆசையில் வரும். இரண்டாவது நாய் காரணத்தோடுதான் வரும். அந்தக் காரணத்தைத் தயாரிப்பதில் கைதேர்ந்த அப்பாக்கள் சென்னை அடுக்ககங்களில் பெருகி வருகிறார்கள். காலை ஐந்தரை மணிக்கு இரண்டு கயிறுகளுக்கு நடுவே இழுபட்டுக்கொண்டு போகிற, நாற்பத்தைந்தைத் தாண்டிய மனிதரிடம் “ரெண்டு நாயா சார்?” என்று கேட்டுப் பாருங்கள். “எனக்கென்ன சார், எல்லாம் பசங்களுக்காக” என்பார். பசங்கள் அந்நேரம் ஏழாவது மாடியில் போர்வைக்குள் இருப்பார்கள்.

அவருடைய காரணங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். முதலில் “ராக்கி தனியா ஏங்கிப் போறான்.” முதல் நாயான ராக்கி பகல் முழுக்க ஏசி அறையில் நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டு தூங்குகிற பிராணி. ஏங்கியதற்கான அடையாளம் எதுவும் அதன் தொப்பையில் தெரியாது. அது எடுபடவில்லையென்றால், ரெண்டு பிள்ளைக்கு ஒரு நாய் என்பது அநியாயம், ஆளுக்கொன்று இருந்தால் சண்டை வராது என்று பாகப்பிரிவினைக்கு வருவார். அதுவும் எடுபடவில்லையென்றால் பிரம்மாஸ்திரம்: “நாய் வளர்த்தா பசங்களுக்குப் பொறுப்பு வரும்.” ராக்கி வந்தபோதும் இதையேதான் சொன்னார். பொறுப்பு வரவில்லையே என்றால், டோஸ் போதவில்லை என்பது அவர் கட்சி.

வீட்டம்மா லேசில் மசிகிறவர் அல்ல. தடுப்பூசி, குடற்புழு மருந்து, மாநகராட்சி உரிமம், தீபாவளிக்குக் கட்டிலுக்கடியில் ஒளிகிற ராக்கியோடு விடியவிடியக் காவல் என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் கணக்கு இருக்கிறது. இவர் இதிகாசத்துக்குத் தாவுவார். “தருமரே நாயை விட்டுட்டு சொர்க்கத்துக்கு வர மாட்டேன்னுட்டார், தெரியுமா?” அம்மா வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்காமல், “அவரும் ஒரு நாயோடதாங்க போனார்” என்பார். அன்றைக்கு அதோடு பேச்சுவார்த்தை முறியும்.

அடுத்த ஒரு மாதம் ஆராய்ச்சி. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நாட்டு நாய்களின் பெருமை இரவுச் சாப்பாட்டோடு பரிமாறப்படும். 2005-இல் அஞ்சல் துறை ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டது என்ற தகவலை ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை சொல்வார். சிப்பிப்பாறை முயல் பின்னால் ஓடப் பிறந்த வேட்டை நாய், நம் ஹாலோ பதினாலு அடி என்று வீட்டம்மா ஞாபகப்படுத்திய பிறகுதான் அந்தத் தொடர் சொற்பொழிவு நிற்கும்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, “சும்மா பாத்துட்டு வருவோம்” என்று பிள்ளைகளைக் கிளப்புவார். ப்ளூ கிராஸ் மாதிரியான இடத்துக்கோ, தெருவில் மீட்ட குட்டிகளைத் தத்துக் கொடுக்கிற முகாமுக்கோ போவார்கள். சும்மா பார்க்கப் போகிறவர் கார் டிக்கியில் பழைய துண்டும் புதுக் கிண்ணமும் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. “வீட்ல எல்லாருக்கும் சம்மதமா சார்?” என்று தன்னார்வலப் பெண் கேட்பார். இவர் பிள்ளைகளைப் பார்ப்பார். பிள்ளைகள் கோரஸாகத் தலையாட்டுவார்கள். வீட்டம்மா அப்போது தாம்பரத்தில் தங்கை வீட்டு வளைகாப்பில் இருப்பார்.

ஒன்று சொல்லியாக வேண்டும். அண்ணாநகர் வெயிலில் ஹஸ்கியை நடத்திக்கொண்டு போகிறவர்களுக்கு இவர் எவ்வளவோ தேவலை. தெருக்குட்டிக்கு நம் ஊர் வெயில் தெரியும். அதைத் தேர்ந்தெடுத்ததில் அவருக்கு நூற்றுக்கு நூறு.

வீட்டுக்கு வந்ததும் செய்முறை வகுப்பு. இரண்டு நாய்களையும் முதலில் பொது இடத்தில்தான் சந்திக்க வைக்க வேண்டும் என்று படித்திருக்கிறார். தடுப்பூசி முடியாத குட்டியைத் தரையில் விட்டால் பார்வோ வைரஸ் தொற்றலாம் என்றும் படித்திருக்கிறார். ஆகவே கார் நிறுத்துமிடத்தில் குட்டியைக் கல்யாண சீர்த்தட்டு மாதிரி இரு கையிலும் ஏந்தியபடி நிற்பார். ராக்கி வந்து மோந்து பார்க்கும், ஒரு தும்மல் போடும், திரும்பி லிஃப்ட் வாசலில் போய் உட்கார்ந்துகொள்ளும். சங்கச் செயலாளர் வந்து “என்ன சார், இன்னொண்ணா?” என்று இழுத்தால், செல்லப் பிராணியைத் தடை செய்யக் குடியிருப்போர் சங்கத்துக்கு அதிகாரமில்லை என்கிற விலங்கு நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல் நாலாக மடித்துச் சட்டைப் பையில் தயாராக இருக்கும்.

ஃபிரிட்ஜ் கதவில் அட்டவணை ஏறும். திங்கள், புதன், வெள்ளி பையன், செவ்வாய், வியாழன், சனி பெண், ஞாயிறு அப்பா. முதல் வாரம் ஒழுங்காக நடக்கும். அப்புறம் பையனுக்கு டியூஷன், பெண்ணுக்கு யூனிட் டெஸ்ட். வாரத்தின் ஏழு நாளும் ஞாயிறாகிவிடும். குட்டி கை கொடுத்தால் அது “என் நாய்”. சோபாவுக்குப் பின்னால் ஈரம் தெரிந்தால் “அது உன் நாய்.” பாகப்பிரிவினை இந்த அளவில் வெற்றிதான். பல் முளைக்கிற வேகத்தில் குட்டி ஒரு ஜோடி செருப்பையும் ரிமோட்டின் ஒரு மூலையையும் தின்று தீர்க்கும். இரண்டு கிண்ணங்கள் இருந்தும் அடுத்தவர் கிண்ணத்தில்தான் ருசி என்று இரு நாய்களும் முடிவு செய்திருக்கும்.

குட்டிக்குப் பெயர் வைத்த கதை தனி. வீட்டில் ஆளுக்கொரு பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். எதற்கும் அது திரும்பாது. பாட்டி சமையலறையிலிருந்து “இந்தா” என்றால் பறந்து வரும். நாய் படி தாண்டக் கூடாது என்று ராக்கி வந்த காலத்தில் உண்ணாவிரதம் வரைக்கும் போன அதே பாட்டிதான். இப்போது தேய்பிறை அஷ்டமிக்கு பைரவர் சந்நிதிக்குப் போய்வந்து, வாகனம் இரண்டுக்கும் தயிர்சாதம் பிசைந்து வைக்கிறார். அப்பாவுக்கு இதில் கொஞ்சம் பொறாமை. நாய் வேண்டும் என்று எட்டு வயதில் இவர் அழுதபோது முதுகில் இரண்டு வைத்தது இதே கைதான்.

நாய் பத்துப் பன்னிரண்டு வருடம் வாழும். இவருடைய பையன் இப்போது பிளஸ் டூ. அடுத்த ஆண்டு எந்த ஊர் ஹாஸ்டலோ தெரியாது. பெண்ணுக்கு இன்னும் மூன்று வருடம். இந்தக் கணக்கு அவருக்குத் தெரியாமலில்லை. போன வாரம் லிஃப்டில் பார்த்தபோது, குட்டிக்கு ராக்கி சரியாக ஈடு கொடுப்பதில்லை, அதன் வயதில் ஒன்று இருந்தால் பசங்களுக்கும் நல்லது என்று ஆரம்பித்தார். உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி ஆரம்பித்தால் பசங்களிடம் போய் விசாரிக்காதீர்கள். ஆரம்பித்தவர் காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.