சக்கரம் தந்த சொல்

கேள்வி: 'ரோல்' என்னும் ஆங்கில வினைச்சொல்லின் பூர்வீகம் யாது?
— ஒரு வாசகர், ஸ்ரீரங்கம்

பதில்: தங்கள் வீதியிலேயே அதன் உறவு உருள்கிறது, அன்பரே! சிறு சக்கரத்தைக் குறிக்கும் 'ரோட்டுலா' என்னும் லத்தீன் பதம், பிரெஞ்சு வழியே ஆங்கிலம் புகுந்து, பந்து உருள்வதற்கும், பாய் சுருட்டுவதற்கும், சுருளாகச் சுற்றிய தோலேட்டில் பெயர்களை எழுதிய வழக்கத்தால் பள்ளிப் பெயர்ப்பட்டியலுக்கும் உரியதாயிற்று. அதன் மூலமாகிய 'ரோட்டா', சம்ஸ்கிருத 'ரத'த்தின் உடன்பிறப்பு; ஆகவே சித்திரைத் தேரின் வடம் பிடிப்பவரும், வகுப்பில் 'உள்ளேன் ஐயா' என்னும் சிறுவனும் ஒரே சக்கரத்தின் சொந்தக்காரர்களே.

தமிழும் கைம்மாறு செய்திருக்கிறது: உறையூர்த் தொழிலாளர் புகையிலையை விரலால் உருட்டிச் செய்யும் 'சுருட்டு', 'செரூட்' என்று ஆங்கில அகராதியில் கௌரவமாக அமர்ந்திருக்கிறது.