பாங்காக்: பர்ஸுக்கு வலிக்காமல்

பாங்காக் பார்க்க ஆசை. கையில் காசு குறைவு. நடக்குமா? (ஈரோடு வாசகர்)

காசு மட்டும் குறைவா, லீவும் குறைவா? காசு மட்டும்தான் என்றால் தாராளமாகக் கிளம்புங்கள். டாக்சி போகிற இடத்துக்குப் பெரும்பாலும் பஸ்ஸோ படகோ போகிறது. பணத்தில் மிச்சம் பிடிப்பதை நேரத்தில் கட்ட வேண்டும், அவ்வளவுதான். இரண்டும் குறைவென்றால் அடுத்த வருஷம் பார்க்கலாம்.

டார்மிட்டரியில் தங்கலாமா? குறட்டையை நினைத்தால் பயமாக இருக்கிறது. (விருதுநகர் வாசகர்)

பயப்படுவது நீங்களா, பக்கத்துப் படுக்கைக்காரரா? காவோ சான் ரோடு ஒரு காலத்தில் அரிசி வியாபாரம் நடந்த தெரு. இப்போது உலகத்து முதுகுப்பைகளெல்லாம் வந்து இறங்கும் தெரு. ராத்திரி அங்கே போடுகிற பாட்டில் எந்தக் குறட்டையும் காதில் விழாது. தூங்குகிற உத்தேசமும் இருந்தால், சற்றுத் தள்ளி ராம்புத்ரி பக்கம் இடம் தேடுங்கள்.

அரண்மனைக்குப் போகும் வழியில் நல்ல மனிதர் ஒருவர், "இன்று லீவு" என்று சொல்லி அனுப்புவாராமே? (நாகர்கோவில் வாசகி)

அரண்மனைக்கு லீவோ இல்லையோ, அவருக்கு அன்று வேலை நாள். அடுத்து, அடிமாட்டு விலைக்கு ஊரையே சுற்றிக்காட்ட ஒரு டுக்-டுக் வந்து நிற்கும். அது ஊரைச் சுற்றாது. ரத்தினக் கடை, தையல் கடை என்று கடைகடையாகச் சுற்றும். சிரித்துவிட்டு நேராக டிக்கெட் கவுன்ட்டருக்கு நடங்கள். மாலை மூன்றரை வரை டிக்கெட் கொடுப்பார்கள்.

உள்ளே போக 500 பாட்டாமே! வெளியில் நின்று போட்டோ எடுத்தால் போதாதா? (கரூர் வாசகர்)

கல்யாண மண்டபத்து வாசலில் நின்று சாம்பார் வாசனை பிடித்துவிட்டுத் திரும்புவதற்குச் சமம். உள்ளே மரகத புத்தர் இருக்கிறார். பெயர்தான் மரகதம், கல் வேறு. உயரம் சுமார் 66 சென்டிமீட்டர்தான். ஆனால் கோடை, மழை, குளிர் என்று மூன்று பருவத்துக்கும் அவருக்குத் தனித்தனிப் பொன்னாடை உண்டு. மாற்றிவிடுவது மன்னரின் பொறுப்பு. பிராகாரச் சுவர் முழுக்கத் தாய்லாந்து ராமாயணமான ராமகியன், ஓவியமாக ஓடுகிறது. அதில் வரும் வெள்ளை அனுமனைப் பாருங்கள். நம் ஊர்ப் பிரம்மச்சாரி, அந்தக் கதையில் காதல் மன்னன். டாக்சியில் மிச்சம் பிடியுங்கள், டிக்கெட்டில் பிடிக்காதீர்கள். அரை டிராயர், கையில்லாத சட்டை வேண்டாம், வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

காசே கொடுக்காமல் பார்க்க ஏதாவது? நம் தமிழுக்குத் தொடர்பு இருந்தால் கூடுதல் சந்தோஷம். (சிதம்பரம் வாசகர்)

இரண்டும் ஒரே இடத்தில் இருக்கிறது. வாட் சுதாட் கோயிலுக்கு முன்னால் சிவப்புத் தேக்குத் தூண்களோடு நிற்கிறது ராட்சத ஊஞ்சல். முதலில் அமைத்தது 1784-இல். முன்பு இளைஞர்கள் வானத்துக்கும் பூமிக்குமாக ஆடி, கம்பத்தில் கட்டிய காசு முடிப்பைப் பல்லால் கவ்வுவார்கள். 1935-இல் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். அந்த விழாவின் பெயர் திரியம்பாவை, திரிபாவை. நம் திருவெம்பாவையும் திருப்பாவையும்தான் கடல் தாண்டிப் போயிருக்கின்றன. ஆட்டம் போனாலும், பக்கத்திலுள்ள தேவஸ்தானத்தில் அரசவைப் பிராமணர்கள் சடங்கை இன்றும் நடத்துகிறார்கள். நேரமிருந்தால் சீலோம் சாலையில் மாரியம்மனையும் பார்த்துவிட்டு வாருங்கள். 19-ஆம் நூற்றாண்டில் குடியேறிய தமிழர்கள் கட்டிய கோயில். இன்று வரிசையில் தாய்லாந்துக்காரர்கள்தான் அதிகம்.

கால்வாய்ப் படகில் போக நீச்சல் தெரிய வேண்டுமா? (சேலம் வாசகி)

தாவத் தெரிந்தால் போதும். சென் சேப் கால்வாய்ப் படகு துறையில் நின்றது என்று நாம் நினைப்பதற்குள் கிளம்பிவிடும். கயிற்றைப் பிடித்து ஏற வேண்டும். ஓர சீட்டுக்கு ஆசைப்பட்டால் ஓர் உத்தியோகமும் சேர்ந்து வரும்: எதிரே படகு வரும்போதெல்லாம் கயிற்றை இழுத்துப் பிளாஸ்டிக் படுதாவை உயர்த்த வேண்டும். மறந்தால் கால்வாய்த் தண்ணீர் அத்தனை பேர் சட்டையிலும்! கண்டக்டர் ஹெல்மெட்டோடு படகின் வெளி விளிம்பில் நடந்தபடி டிக்கெட் கொடுப்பார். தாழ்ந்த பாலங்களைப் பார்த்ததும் ஹெல்மெட் எதற்கு என்று புரிந்துவிடும்.

அயுத்தயாவில் இருப்பதெல்லாம் இடிந்த செங்கல்தானே? அதற்கு ஒரு நாளா? (மதுரை வாசகர்)

செங்கல்தான். 1351-இல் தலைநகரானது, 1767-இல் பர்மியப் படை கொளுத்தும்வரை சயாம் என்ற அன்றைய தாய்லாந்தை ஆண்டது. 1782-இல் பாங்காக்கைத் தலைநகராக்கியபோது, இடிந்த அயுத்தயாவின் செங்கற்களைப் படகுகளில் ஏற்றிக் கொண்டுபோய்ப் புது ஊருக்கு மதில் எழுப்பினார்கள். தாயைப் பார்க்காமல் மகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பலாமா?

போகும் வழியும் சரித்திரம்தான். சயாமின் அரசு ரயில்வே 1890-களில் முதலில் திறந்த தடமே பாங்காக்–அயுத்தயா. ஹுவா லம்போங் நிலையத்தில் சாதாரண ரயிலில் மூன்றாம் வகுப்பு எடுங்கள். இருபது பாட் அளவில்தான் ஆகும். ஏசி கிடையாது, ஜன்னல் உண்டு. இறங்கியதும் படகில் ஆற்றைக் கடந்து வாடகை சைக்கிள் எடுங்கள். மூன்று ஆறுகள் சூழ்ந்த தீவு, மேடில்லாத தரை. மிதிக்க வலிக்காது, வெயில்தான் வலிக்கும்.

வாட் ராட்சபுரணக் கோபுரத்தின் நிலவறைக்குள் 1957-இல் திருடர்கள் இறங்கித் தங்கத்தை அள்ளினார்கள். மீட்டதையும், பிறகு தொல்லியல் துறை தோண்டி எடுத்ததையும் சாவ் சாம் பிரயா அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். முதலில் நிலவறை, அப்புறம் தங்கம் என்ற வரிசையில் பாருங்கள்.

மரத்தின் வேருக்குள் இருக்கும் புத்தர் தலையோடு செல்ஃபி எடுக்கலாமா? (கோவை வாசகி)

அயுத்தயாவின் வாட் மகாதாட் கோயிலில் இருக்கிறது அது. உட்கார்ந்து எடுக்கலாம். உங்கள் தலை அவர் தலைக்கு மேலே போகக் கூடாது என்பது அங்கே மரியாதை.

யானைச் சவாரி? (தஞ்சை வாசகர்)

உங்களுக்குச் சைக்கிள் கிடைத்துவிட்டது. யானையை விட்டுவிடுங்கள்.

நான் சுத்த சைவம். பட்டினிதானா? (கும்பகோணம் வாசகர்)

காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு விடுகிற நாடு, ஜாக்கிரதை. மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்தோடு 'ஜே' உணவுக் கடை இருக்கிறதா என்று பாருங்கள். சீன வழிச் சைவம்; இறைச்சி, மீன், முட்டை மட்டுமல்ல, வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. உங்கள் பாட்டியையும் அழைத்துப் போகலாம்.

இவ்வளவு சிக்கனமாகச் சுற்றி மிச்சம் பிடித்த பணத்தை என்ன செய்வது? (தூத்துக்குடி வாசகர்)

வாட் போ கோயிலுக்குப் போங்கள். 46 மீட்டர் நீளச் சயன புத்தரின் பாதத்தில் முத்துச்சிப்பியில் பதித்த 108 மங்கலச் சின்னங்களைப் பாருங்கள். பிறகு அதே வளாகத்திலுள்ள மசாஜ் கூடத்துக்குப் போய் உங்கள் பாதத்தைக் கொடுங்கள். மிச்சம் பிடித்தது அதுதானே? கூலியும் அதற்கே சேரட்டும்.